இன்றே அழைக்கிறோம்

மார்ச் 3, செவ்வாய்

வெப்சைட் வைத்திருக்கும் இடத்திலிருந்து மெயில் வந்திருக்கிறது. இலவசத் திட்டத்தை ஏப்ரல் முப்பதோடு நிறுத்துகிறார்களாம். மூன்று வருஷமாக ஓசியில் குடியிருந்தவளை மூட்டை கட்டச் சொல்லிவிட்டார்கள். மெயிலில் என்னமாய் ஒரு சிரிப்பு பொம்மை வேறு.

கடையில் தம்பி காற்று மெத்தையின் பம்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சொன்னேன். தலையைத் தூக்கவில்லை. “மூடினா மூடட்டும்க்கா. இத்தனை வருஷத்துல அதுல இருந்து ஒரு ஈயாவது வந்திருக்கா?”

வரவில்லைதான். நமக்கு ஆள் வருவது ஆஸ்பத்திரி கவுண்ட்டர்காரியால். வீட்டுக்கு அனுப்பும் நோயாளிக்குக் கட்டிலோ வீல்சேரோ ஆக்சிஜன் மெஷினோ வாடகைக்கு வேண்டுமென்றால் அவளே என்னைக் கூப்பிட்டுவிடுவாள். மற்றவர்கள் ஏற்கெனவே எடுத்தவர்கள், அவர்கள் சொல்லி வருபவர்கள். வெப்சைட் சும்மா ஒரு கௌரவம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, யார் உதவியும் இல்லாமல், படத்தை இழுத்து இங்கே போட்டு எழுத்தை இழுத்து அங்கே போட்டு நானே கட்டியது. அன்றைக்கு மகளுக்கு லிங்க் அனுப்பியதும் அவள் “அம்மா, நீயா?” என்று கேட்டதை நான் இன்னும் மறக்கவில்லை.

அதனால் விட மனசில்லை. வேறு இடம் பார்க்க வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

மகள் போனில் ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாள். டொமைன் என்றால் பெயர்ப்பலகை. ஹோஸ்டிங் என்றால் கடை போட இடம். பில்டர் என்றால் ஷட்டர், மேஜை, விளக்கு எல்லாம் சேர்த்தே வாடகைக்குத் தருவது. இதுவரை நான் இருந்தது மூன்றாவது வகை, அதுவும் பெயர்ப்பலகையில் அவர்கள் பெயர் பாதி, என் பெயர் பாதி.

“பேரை மட்டும் உன் பேர்ல வாங்கிக்கோம்மா. எவன்கிட்டயும் குடுத்து வாங்கச் சொல்லாதே. அப்புறம் எங்க வேணா இடம் மாத்திக்கலாம்.”

அதுவரை புரிந்தது. அதற்கப்புறம் அவள் பேசியதில் பாதி காற்றோடு போயிற்று. மூன்று கம்பெனிகளைப் பார்க்கச் சொன்னாள். பெயர் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது, எனவே அவர்கள் பக்கத்தின் நிறத்தை வைத்துப் பச்சைக்காரர், மஞ்சள்காரர், நீலக்காரர் என்று வைத்துக்கொண்டேன். மூவரும் வரம்பற்ற இடம் தருகிறார்களாம். எனக்கு வேண்டியது ஒரு பக்கம், பன்னிரண்டு படம். வரம்பற்ற இடத்தை வைத்துக்கொண்டு நான் என்ன கல்யாணமா பண்ணப்போகிறேன்?

பதினோரு வருஷமாக வாடகைக்கு விடுபவள் நான். வாடகைக்கு எடுக்கத் தெரியவில்லை.

மார்ச் 6, வெள்ளி

பச்சைக்காரர் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார். அதில் ஓர் ஆள் ஐந்து நிமிஷத்தில் பேக்கரிக்கு வெப்சைட் கட்டுகிறான். நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் ஐம்பது நிமிஷம் ஆயிற்று, பேக்கரியும் வரவில்லை.

மார்ச் 9, திங்கள்

காலையில் பழைய இடத்தின் உதவிப் பெண்ணிடம் சாட்டில், மூடுவதற்கு முன்னால் நான் என்னென்ன எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன். படங்கள், எழுத்து என்றாள். பிறகு “படிவத்துல வந்த செய்திகளையும் இறக்கி வச்சுக்கோங்க மேடம்” என்று எழுதினாள்.

எந்தச் செய்திகள்?

இடது பக்கம் மூன்றாவது பட்டன் என்றாள். மூன்று வருஷத்தில் நான் ஒரு தடவைகூட அழுத்தாத பட்டன். அழுத்தினேன்.

அறுபத்து மூன்று. ஒன்றும் திறக்கப்படவில்லை, எல்லாம் தடித்த எழுத்தில்.

உதவிப் பெண்ணே பார்த்துச் சொன்னாள்: செய்தி வந்தால் மெயிலில் தெரிவிக்க வேண்டிய முகவரியில், டெம்ப்ளேட்டோடு வந்த மாதிரி முகவரியே இருக்கிறதாம். யாருடையதும் இல்லாத முகவரி. பக்கத்தின் அடியில், எல்லோர் கண்ணுக்கும் தெரியும் இடத்தில் என் முகவரியை மாற்றியிருக்கிறேன். படிவத்துக்கு உள்ளே ஒன்று இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. “நிறைய பேர் பண்ற தப்புதான் மேடம்” என்றாள். ஆறுதலுக்குத்தான் சொல்லியிருப்பாள்.

மதியம்:

அறுபத்து மூன்றில் நாற்பதுக்கு மேல் குப்பை. கடன் தருகிறோம், உங்கள் சைட்டை முதலிடத்துக்குக் கொண்டுவருகிறோம் என்கிற ரகம். மீதி நிஜ ஆட்கள். வாக்கர் இருக்கிறதா என்று கேட்டவர். வீல்சேரின் முன் சக்கரம் மட்டும் கிடைக்குமா என்று கேட்டவர். இதெல்லாம் போகட்டும். மனசு அடித்துக்கொண்டாலும் போகட்டும்.

ஒரே ஆள் நான்கு தடவை எழுதியிருக்கிறாள். பெயர், போன் நம்பர், முழு முகவரி எல்லாம் கொடுத்திருக்கிறாள். பெயரை இங்கே எழுதக் கை வரவில்லை. செய்தியை அப்படியே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் ஏப்ரல் முப்பதுக்குப் பிறகு அது எங்கேயும் இருக்காது.

அக்டோபர் 14, மாலை 4.10: அப்பாவை நாளை வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறார்கள். வீட்டில் ஆக்சிஜன் மெஷின் இருந்தால்தான் அனுப்புவார்களாம். வாடகைக்குக் கிடைக்குமா? மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. தூக்கி வர ஆள் உண்டா?

அக்டோபர் 15, காலை 8.55: நேற்று எழுதியிருந்தேன். இன்றே அழைப்பதாக வந்தது. இன்னும் அழைக்கவில்லை.

அக்டோபர் 15, மாலை 5.30: அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார். போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். எந்த நேரமானாலும் பரவாயில்லை, கூப்பிடுங்கள்.

அக்டோபர் 17, காலை 11.20: இனி தேவையில்லை. நன்றி.

அந்த நன்றி. அதை ஏன் போட்டாள்? யாருக்குப் போட்டாள்?

மார்ச் 10, செவ்வாய்

கடைப் பதிவேட்டை எடுத்தேன். அக்டோபர் பதினான்கிலிருந்து பதினேழு வரை ஐந்து மெஷினில் நான்கு வெளியே போயிருக்கின்றன.

ஒன்று கடையில் இருந்திருக்கிறது. உறை போட்டு, சுவரோரமாக.

ஒன்றாம் எண்.

மார்ச் 11, புதன்

ஒன்றாம் எண் என் வீட்டுக்காரருக்காக வாங்கியது. கடை என்று ஒன்று இல்லாத காலத்தில். எட்டு மாதம் எங்கள் படுக்கையறையில் ஓடியது. அவர் உயிர் போனதும் அது ஓடிக்கொண்டிருந்தபோதுதான், எங்கள் வீட்டில்தான், என் கை அவர் நெற்றியில் இருக்கும்போதுதான். அப்புறம் அந்த மெஷினையும் கட்டிலையும் பார்க்கப் பிடிக்காமல் வாடகைக்கு விட்டேன், அதிலிருந்து வந்ததுதான் இந்தக் கடை. கேட்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வேன், எங்க கடைல இருந்து வந்து நின்னா உங்க வீட்டுல ஒருத்தர் வந்த மாதிரி என்று.

தம்பியிடம் இன்றுதான் சொன்னேன். நான்கு செய்தியையும் படிக்கக் கொடுத்தேன். அவன் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வேஷ்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினான். ரொம்ப நேரம் படித்தான்.

“நீ வேணும்னா பண்ணினே?”

“நம்பரை நான்தானே எடுத்தேன்.”

அவன் ஸ்பானரைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டான். இரண்டு வருஷம் முன்னால் கடன்காரன், இன்ஷூரன்ஸ்காரன் என்று நாள் பூராவும் போன் அடிக்கிறது என்று வெப்சைட்டில் இருந்து நம்பரை எடுத்தேன். விசிட்டிங் கார்டிலும் எடுத்தேன், வெறும் வெப்சைட் முகவரி மட்டும் அடித்தேன். நாகரிகமாக இருக்கிறதாம். “எடுக்காதேக்கா” என்று இவன் அன்றைக்கே சொன்னான். “வேணும்கிறவங்க எழுதட்டும், நாம கூப்பிடலாம்” என்று நான்தான் அவன் வாயை அடைத்தேன்.

கவுண்ட்டர்காரிக்கு போன் போட்டுக் கேட்டேன். அக்டோபரில் இரண்டு வாரம் லீவாம். அவள் இடத்தில் உட்கார்ந்தவள் என் கார்டை எடுத்துக் கொடுத்திருப்பாள். கார்டில் நம்பர் இல்லை.

மார்ச் 13, வெள்ளி

பழைய வெப்சைட்டைத் திறந்து, வாடிக்கையாளர் மாதிரி நானே படிவத்தை நிரப்பினேன். பெயர், போன், ‘உங்கள் தேவை’. அனுப்பு.

ஒரு பச்சை டிக் வந்தது. கீழே எழுத்து: உங்கள் செய்தி கிடைத்தது. கவலை வேண்டாம். இன்றே அழைக்கிறோம்.

டெம்ப்ளேட்டில் இருந்தது ‘நன்றி, செய்தி பதிவாகியது’ என்று. அது விறைப்பாக இருக்கிறது என்று நான்தான் மாற்றினேன். நோயாளி வீட்டு ஆட்கள் பயந்து போய் எழுதுவார்கள், அவர்களுக்குத் தெம்பாக ஒரு வரி வேண்டும் என்று யோசித்து, இரண்டு மூன்று தடவை அடித்து அடித்து எழுதியது. ‘கவலை வேண்டாம்’ கடைசியில் சேர்த்தது. அதைச் சேர்த்ததும் எனக்கே என்னைப் பிடித்துப்போனது.

அன்றைக்கும் இப்படித்தான் ஒரு தடவை அனுப்பிப் பார்த்தேன். டிக் வந்தது. வேலை செய்கிறது என்று எழுந்து போய்விட்டேன். எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்க்கத் தோன்றவே இல்லை.

இன்றைக்குப் பதினொரு தடவை அனுப்பினேன். பதினொரு தடவையும் கவலை வேண்டாம் என்றது.

மார்ச் 14, சனி

அவள் நம்பரை அழுத்தினேன். ஒரு தடவை மணி அடித்தது. கட் பண்ணிவிட்டேன்.

உடனே திருப்பி அவள் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. கையில் போன் துடித்துக்கொண்டே இருந்தது, பார்த்துக்கொண்டே நின்றேன். மறுபடியும் அவளைக் காக்க வைத்தேன். என்ன ஜென்மம் நான்.

மார்ச் 16, திங்கள்

போன் அடிக்காதபோதும் அடிக்கிற மாதிரி இருக்கிறது. இன்று மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன். தம்பி ஒன்றாம் எண்ணை ஓட்டிப் பார்த்தான், ஃபில்டர் மாற்றியிருக்கிறானாம். அந்த முனகல் கேட்டதும் நிறுத்தச் சொல்லிக் கத்திவிட்டேன். வீல்சேர் பார்க்க வந்திருந்த அம்மா பயந்து போய் நாளைக்கு வருகிறேன் என்று கிளம்பிவிட்டார்கள்.

அதை வாடகைக்கு விடவும் மனசு வரவில்லை. நேற்று ஒருவர் கேட்டதற்கு நான்காம் எண்ணைக் கொடுத்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

வெப்சைட்டே வேண்டாம், ஒழியட்டும் என்று மகளிடம் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். “வேண்டாம்னா அந்தக் கார்டு இன்னும் எத்தனை பேர்கிட்ட இருக்கும்மா?” என்றாள்.

ஐந்நூறு கார்டு அடித்தது. கடையில் மீதி நாற்பது இருக்கும்.

சரி. அப்படியானால் ஒழுங்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இடம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, எத்தனை டெம்ப்ளேட் என்பதெல்லாம் எனக்கு வேண்டாம். மூன்று பேரிடமும் ஒரே கேள்வி கேட்பேன்: ஒருவர் என் படிவத்தில் எழுதினால் அது எங்கே போகும்? போகாவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்?

மார்ச் 18, புதன்

பச்சைக்காரரிடம் கேட்டேன். உடனே பதில் வந்தது: ‘உங்கள் செய்தி எங்களுக்கு முக்கியம். விரைவில் தொடர்பு கொள்கிறோம்.’ மாலை ஆறு மணி வரை காத்திருந்தேன். ஒருவரும் தொடர்பு கொள்ளவில்லை. நாற்காலியை ஜன்னல் பக்கம் போட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள் என்று நினைப்பு வந்ததும் எழுந்துவிட்டேன்.

மஞ்சள்காரரிடம் ஆள் கிடைத்தான். கேள்வியைக் காதில் வாங்காமல், என் தொழிலுக்கு ஏற்ற பெரிய திட்டம் ஒன்று இருப்பதாகப் பத்து நிமிஷம் பேசினான். போகாவிட்டால் எப்படித் தெரியும் என்று மூன்றாவது தடவை கேட்டேன். “அப்படியெல்லாம் போகாம இருக்காது மேடம்.” வைத்துவிட்டேன்.

மார்ச் 19, வியாழன்

நீலக்காரரிடம் போன் எடுத்தவர் தொண்டை கட்டிய குரலில் பேசினார். கேள்வியைக் கேட்டேன். “நல்ல கேள்விங்க. யாரும் கேக்க மாட்டாங்க” என்றார்.

பிறகு சொன்னார். படிவத்தில் எழுதுவது மெயிலுக்குப் போகும், கூடவே போனுக்குக் குறுஞ்செய்தியாகவும் வர வைக்கலாம். ஆனால் மெயில் குப்பைப் பெட்டிக்குள் போய் விழலாம், போனில் சார்ஜ் இல்லாமல் போகலாம். “போகலைன்னா உங்களுக்குத் தெரியாது மேடம். அதுதான் நெஜம். வாரம் ஒரு தடவை நீங்களே எழுதி, வருதான்னு பாக்கணும். வெப்சைட்டைப் பாக்காதீங்க, போனைப் பாருங்க.”

ஹோஸ்டிங் தனியாக வாங்க வேண்டுமா என்றேன். “ஒரு பக்கத்துக்கு எதுக்குங்க? அதை அப்டேட் பண்ணணும், பேக்கப் எடுக்கணும், உங்களுக்குத் தலைவலி. எங்க பில்டரோட சின்னத் திட்டம் போதும். பேரை மட்டும் உங்க பேர்ல பதிவு பண்ணிக்கோங்க. நாளைக்கு எங்களைப் பிடிக்கலைன்னா பேரை எடுத்துக்கிட்டுப் போயிடலாம்.” விற்க வந்தவன் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

நீலம்தான்.

தேர்ந்தெடுத்தாயிற்று. ஆனால் நெஞ்சு லேசாகவில்லை. எதற்கு ஆகும்?

மார்ச் 22, ஞாயிறு

அவள் தெருவுக்குப் போனேன். கடையிலிருந்து நடந்தே இருபது நிமிஷம்தான். இருபது நிமிஷம்!

எதிர்ப்பக்க மருந்துக்கடை வாசலில் நின்று மேலே பார்த்தேன். மூன்றாவது மாடியில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. கொடியில் புடவை காய்ந்தது. படிக்கட்டு வெளியிலிருந்தே தெரிகிறது, ஒவ்வொரு மாடிக்கும் இரண்டு திருப்பம். மெஷினைத் தூக்கிக்கொண்டு தம்பி எந்தத் திருப்பத்தில் மூச்சு வாங்குவான் என்று என் மூளை பாட்டுக்குக் கணக்குப் போட்டது. அத்தனை வருஷப் பழக்கம்.

மருந்துக்கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

போனேன். ஏறினேன்.

படி ஏறும்போதே என்ன சொல்வது என்று தயார் பண்ணிக்கொண்டேன். வெப்சைட் கம்பெனியின் கோளாறு. அவர்கள் மெயில் அனுப்பவில்லை. அந்த வரிகூட அதுவாக வருவது, எல்லா வெப்சைட்டிலும் வருவது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று ஒரு தடவை சொல்லியும் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது.

கதவைத் திறந்தவளுக்கு நாற்பது இருக்கும். கண்ணாடி போட்டவள். கடைப் பெயரைச் சொன்னேன். அவளுக்கு ஞாபகம் வரவில்லை. “ஆக்சிஜன் மெஷினுக்கு எழுதியிருந்தீங்க. அக்டோபர்ல” என்றேன். அப்போது வந்தது. முகம் மாறவில்லை, கதவில் இருந்த கை மட்டும் இறங்கியது.

“இப்பவா வர்றீங்க?”

உள்ளே விட்டாள். கூடத்தில் அவள் அம்மா உட்கார்ந்திருந்தார்கள், பக்கத்தில் வாக்கர். யார் என்று கேட்டார்கள். “தெரிஞ்சவங்கம்மா” என்றாள்.

சமையலறை ஓரமாக நின்றுதான் பேசினோம். கவுண்ட்டரில் இரண்டு கடை சொன்னார்களாம். ஒரு கடையில் மெஷின் கைவசம் இல்லை. “நீங்க இன்னைக்கே கூப்பிடறோம்னு போட்டிருந்தீங்க. கவலைப்படாதேன்னு வேற. அதான் வேற எங்கயும் கேக்காம இருந்துட்டேன். அப்பாகிட்டயும் சொல்லிட்டேன், நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாம்னு.” பதினாறாம் தேதிதான் பொறுக்க முடியாமல் மூன்றாவது ஓர் இடம் பிடித்தாளாம். மறுநாள் தருகிறோம் என்றார்களாம். பதினேழாம் தேதி விடியும்போது வார்டிலேயே போய்விட்டார்.

மெஷின் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா? கேட்க நினைக்கவில்லை, வாயிலிருந்து வந்துவிட்டது.

“இல்லைங்க. ஒரு வாரமோ பத்து நாளோன்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டாங்க. வீட்டுக்கு வரணும்னு மட்டும்தான் கேட்டாரு. பதினெட்டு பேர் படுத்திருக்கற ரூம்ல, எவர் முகமும் தெரியாம போகணுமான்னு கேட்டாரு.”

பிறகு என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போனாள். ஜன்னலைப் பார்க்கிற மாதிரி கட்டில் போட்டிருந்தது. தலைமாட்டுச் சுவரில் ஒரு புது ஸ்விட்ச் போர்டு. மேலே ஒட்டிவரும் கண்ணாடிக் காகிதத்தைக்கூட இன்னும் உரிக்கவில்லை. “மெஷினுக்குத் தனி பிளக் வேணும்னு சொன்னாங்க. நீங்க வந்து நிக்கும்போது தேடக்கூடாதேன்னு, உங்க பதில் வந்த அன்னைக்கு சாயங்காலமே ஆளைக் கூப்பிட்டுப் போட்டேன்.”

சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். இவள் வீட்டில் அழ எனக்கு என்ன உரிமை?

“ஒண்ணு கேக்கலாமா?” என்றாள். “இன்றே அழைக்கிறோம்னு வந்துச்சே, அது நீங்க எழுதினதா? இல்ல அதுவா வருமா?”

தயாராக வைத்திருந்த பதில் நாக்கு நுனியில் இருந்தது. அவளே எடுத்துக் கொடுக்கிறாள், ஆமாம் என்றால் போதும்.

“நான்தான் எழுதினேன்” என்றேன். “அதுவா வர்றதை அழிச்சிட்டு எழுதினேன். உங்களுக்குத் தெம்பா இருக்கும்னு.”

என்னையே பார்த்தாள். பிறகு “சரி” என்றாள். அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்டேன், அதற்கும் தலையை ஆட்டினாள், வாங்கிக்கொண்டாளா இல்லையா தெரியவில்லை. என் நம்பரைப் பேனாவால் எழுதிய கார்டு ஒன்றை நீட்டினேன். வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். நான் இரண்டாவது மாடி இறங்குவதற்குள் மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

மார்ச் 25, புதன்

அந்த ஸ்விட்ச் போர்டு. கண்ணை மூடினால் அது.

ஏப்ரல் 2, வியாழன்

பெயர் என் பெயரில் பதிவாகிவிட்டது. புது வெப்சைட்டை மூன்று நாளாகக் கட்டுகிறேன். இந்தத் தடவை டெம்ப்ளேட்டில் இருக்கும் ஒவ்வொரு மாதிரி எழுத்தையும் தேடித் தேடி அழித்தேன். உள்ளே, அமைப்புகளுக்குள், அதற்கும் உள்ளே. நீலக்காரரின் தொண்டை கட்டிய ஆளை நான்கு தடவை கூப்பிட்டுவிட்டேன். அவருக்கு என் குரல் மனப்பாடம் ஆகியிருக்கும்.

நம்பரை உச்சியில் போட்டேன், பெரிசாக. கடன்காரன் கூப்பிட்டால் கூப்பிடட்டும்.

படிவமே வேண்டாம் என்று இருந்தேன். மகள்தான், “எல்லாராலயும் பேச முடியாதும்மா. ஆஸ்பத்திரில படுக்கை பக்கத்துல உக்காந்துகிட்டு, அவங்க காதுல விழாம எழுதத்தான் முடியும்” என்றாள். அது எனக்குத் தெரியும். அவருக்காக நானும் அப்படி எழுதியவள்தான். சரி, வைத்தேன்.

அனுப்பியதும் வரும் வரிதான் பாக்கி. இரண்டு நாளாக எழுதி எழுதி அழிக்கிறேன். கடைசியில் வைத்தது இது: ‘நீங்கள் எழுதியது எங்கள் போனுக்கு வர வேண்டும். ஒரு மணி நேரத்தில் நாங்கள் கூப்பிடவில்லை என்றால் அது வரவில்லை என்று அர்த்தம். காத்திருக்காதீர்கள். இந்த எண்ணில் கூப்பிட்டுத் திட்டுங்கள். எங்களிடம் கிடைக்காவிட்டால் கேட்க வேறு இரண்டு கடைகள் கீழே.’

“போட்டிக் கடை நம்பரை நம்ம வெப்சைட்லயா?” என்றான் தம்பி. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, சரி” என்றான்.

ஏப்ரல் 9, வியாழன்

புது வெப்சைட் திறந்தாயிற்று. பழைய முகவரிக்குப் போகிறவர்கள் முப்பதாம் தேதி வரை இங்கே வந்து சேர்வார்கள். கையிருப்புக் கார்டு நாற்பதையும் கிழித்துப் போட்டேன். கவுண்ட்டர்காரியிடம் புதுக் கார்டு கொடுத்து, பழையது இருந்தால் என் கண் முன்னால் கிழிக்கச் சொன்னேன். “என்னக்கா ஆச்சு உங்களுக்கு?” என்றாள்.

ஏப்ரல் 13, திங்கள்

இனி திங்கள்தோறும் காலை பத்து மணிக்குச் சோதனை. எழுதுவது தம்பி, பார்ப்பது நான். இன்றைய செய்தி: ‘பெயர்: ஏழை மெக்கானிக். தேவை: சம்பள உயர்வு. அவசரம்.’ பதினைந்து வினாடியில் வந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தேன்.

ஒன்றாம் எண்ணை இன்று ஒரு வீட்டுக்கு அனுப்பினேன். நானே கூடப் போய் வைத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 20, திங்கள்

சோதனை: ‘தேவை: டீ. இரண்டு.’ வந்தது.

ஏப்ரல் 27, திங்கள்

பத்து பத்தொன்பதுக்கு போன் ஒலித்தது. படிவம். தம்பிதான் சோதனையைத் தாமதமாக அனுப்புகிறான், இன்றைக்கு என்ன உளறியிருக்கிறானோ என்று கையில் இருந்த பில்லை முடித்துவிட்டுத்தான் எடுத்தேன்.

‘அம்மா குளியலறையில் விழுந்துவிட்டார்கள். இடுப்பு எலும்பு. புதன்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிறார்கள். தலைப்பக்கம் உயர்கிற கட்டில் வேண்டும். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. உங்களுக்குத் தெரியும்.’

என் நம்பர் அவளிடம் இருக்கிறது. ஃபிரிட்ஜ் மேல், என் கையெழுத்தில். கூப்பிட்டிருக்கலாம். படிவத்தில் எழுதியிருக்கிறாள்.

முதல் தடவை தப்பாக அழுத்திவிட்டேன். இரண்டாவது தடவை, முதல் மணி முழுசாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டாள். போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறாள்.

“நான்தான்” என்றேன். வேறு என்ன சொல்வது?

“ம்” என்றாள். பிறகு, “நாலு நிமிஷம்.”

பில்லை முடிக்காமல் எடுத்திருந்தால் மூன்று.

ஏப்ரல் 29, புதன்

மோட்டார் வைத்த கட்டில் ஒன்றுதான் இருக்கிறது நம்மிடம். அதைக் கொண்டுபோனோம். நான்கு துண்டாகப் பிரித்து தம்பியும் நானும் ஏற்றினோம். நான் அன்றைக்குக் கணக்குப் போட்டபடியே இரண்டாவது மாடித் திருப்பத்தில்தான் அவனுக்கு மூச்சு வாங்கியது. எனக்கு ஒவ்வொரு திருப்பத்திலும்.

அப்பாவின் கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு, அதே இடத்தில், ஜன்னலைப் பார்க்கிற மாதிரி பூட்டினோம். தம்பி பிளக்கை எடுத்துக்கொண்டு ஸ்விட்ச் போர்டு பக்கம் குனிந்தான். “கவரைக்கூட எடுக்கலியே” என்று நகத்தால் ஓரத்தைச் சுரண்டினான். இந்த வீட்டைப் பற்றி அவனிடம் எல்லாம் சொல்லியிருந்தேன், இதை மட்டும் சொல்லியிருக்கவில்லை.

“இருங்க” என்றாள் அவள்.

வந்து மண்டி போட்டு உட்கார்ந்தாள். ஓரம் சிக்கவில்லை, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் தேடினாள். பிறகு அவளே உரித்தாள். கிழியாமல், முழுசாக வந்தது. அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, நகர்ந்து, என்னைப் பார்த்து, “சொருகுங்க” என்றாள்.

சொருகினேன். கட்டிலின் தலைப்பக்கம் மெல்ல உயர்ந்தது.